கோஹாவில் சேமித்த பதிவு தேடலில் வரவில்லை, உதவி தேவை

ஏட்டுச்சுவடி:
வணக்கம். நூலகத் தகவல் அறிவியல் முதுகலைப் பட்டத்தை இணையவழித் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறேன். பட்டியலாக்கச் செய்முறைக்காக கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் டெபியன் இயங்குதளத்தைப் போட்டு, அதில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளை நிறுவியிருக்கிறேன். நூல் விவரங்களை மார்க் 21 என்ற பட்டியல் பதிவு முறையில் உள்ளிட்டுச் சேமிக்கும்போது பிழை எதுவும் வருவதில்லை. பதிவு எண்ணை வைத்துப் போனால் பக்கம் திறக்கிறது. ஆனால் தலைப்பைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. பாடம் முழுக்கக் காணொளிதான், பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர ஆளில்லை.

அடுக்கறை:
பதிவு தரவுத்தளத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தேடல் அங்கே போவதில்லை. ஜீப்ரா என்ற தனி நிரல் கட்டிவைத்த சுட்டியில்தான் (இண்டெக்ஸ், அதாவது சொல் அட்டவணை) தேடும். அது புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. ஜீப்ராவும், புதுப் பதிவுகளைச் சுட்டியில் சேர்க்கும் இண்டெக்ஸரும் ஓடுகின்றனவா என்று பார்த்து, நின்றிருந்தால் தொடங்குங்கள். அப்புறம் டெர்மினலில் கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா கட்டளையை, முழுச் சுட்டியையும் புதிதாகக் கட்டும் 'எஃப்' தெரிவோடு ஓடவிடுங்கள். கட்டளையின் கடைசியில், நிறுவும்போது உங்கள் கோஹாவுக்கு நீங்கள் வைத்த பெயர் வர வேண்டும். அமைப்புகளில் தேடுபொறியாக எலாஸ்டிக்சர்ச் இருந்தால் மட்டும் இந்த வழி பலிக்காது.

ஏட்டுச்சுவடி:
வந்துவிட்டது, நன்றி! இண்டெக்ஸர்தான் நின்றிருந்தது. இன்னொரு சந்தேகம்: 'தி' என்று தொடங்கும் ஆங்கிலத் தலைப்புகள் எல்லாம் அகரவரிசையில் அந்த 'தி'யின் கீழேயே குவிகின்றனவே?

அடுக்கறை:
தலைப்புக்கான 245 புலத்தின் இரண்டாவது இண்டிகேட்டர் (புலத்தோடு வரும் ஓரிலக்கக் குறியீடு) 0 என்று இருக்கும், 4 ஆக்குங்கள். வரிசைப்படுத்தும்போது எத்தனை இடம் தாண்ட வேண்டும் என்பதுதான் அந்த எண். 'தி'க்கு ஆங்கிலத்தில் 3 எழுத்து, பின்னால் வரும் இடைவெளி 1. 'ஏ' என்றால் 2, 'ஆன்' என்றால் 3. முதல் இண்டிகேட்டரையும் பாருங்கள்: 100 புலத்தில் ஆசிரியர் பெயர் இருந்தால் அது 1.

தூசுதட்டி:
நூலகங்களின் பட்டியல்களை இணையம் வழியே தேடி எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகப் பெரிய நூலகங்களின் பதிவுகளை கோஹாவுக்குள் இறக்கலாம். ஆனால் முதலில் நூலைக் கையில் வைத்து நீங்களே ஒரு பதிவு எழுதுங்கள். பிறகு இறக்கி ஒப்பிட்டால் எங்கே விலகினீர்கள் என்று தெரியும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாத குறையை இது ஓரளவு தீர்க்கும். இறக்கியதையே ஒப்படைக்கும் ஆசை வரும், வேண்டாம். அப்புறம், இணையவழிப் படிப்பென்றாலும் களப்பயிற்சிக்கு ஏதாவது ஒரு நூலகத்துக்கு நேரில் போகச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா, எத்தனை மணி நேரம், யார் கையெழுத்திட வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசிப் பருவத்தில் இடம் தேடுவது பெரும் அலைச்சல்.