புதுப்பிப்பு: தங்கச்சியோட ஜீன் ரிப்போர்ட் வந்துருச்சுங்க

போன மாசம் எழுதியிருந்தேனுங்க: கோபியில தங்கச்சிக்குப் பிரசவமாகி ஆறாம் நாள் தாங்க முடியாத விலா வலி, வாயுன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்கன்னு. வாயு இல்லீங்க. கோயமுத்தூர்ல சிடி எடுத்தா, கிட்னிக்குப் போற தமனியோட உள்சுவர் கிழிஞ்சிருக்குது.

ரிப்போர்ட்படி இது வாஸ்குலர் எலர்ஸ்-டான்லோஸ்ங்கிற பரம்பரை நோயாம். சிஓஎல்3ஏ1 ஜீன்ல கோளாறு. ரத்தக்குழாய்க்குப் பலம் தர்ற 3ஆம் வகை கொலாஜன்ங்கிற புரதம் சரியா அமையல. பிரசவத்தப்பவும் அடுத்த சில வாரமும் ஆபத்து அதிகம்.

சின்னதுல அவ கையைப் புடிச்சு இழுத்தாலே கன்னிப்போயிரும். நெஞ்சுல பச்சை நரம்பு ஓடறது அப்படியே தெரியும். "எம்பேத்தி தோலப் பாரு, கண்ணாடியாட்ட"ன்னு அம்முச்சிக்கு ஒரே பெருமை! அதெல்லாம் இந்த நோயோட அறிகுறின்னு இப்பத்தான் தெரியுதுங்க.

ஆபரேசன் இல்லாம, பிரஷர் மாத்திரையிலயே தேறிட்டு வர்றா. கொழந்தைக்கு வர 50% வாய்ப்பு. எனக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க, வந்ததும் சொல்றேனுங்க.