குடும்பம் நாலு திசையில் இருக்கும்போது பட்டக் கொண்டாட்டம்: நேரலையா, வீடியோத் தொகுப்பா?

நூல்கண்டு:
தங்கைக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. அவளையும் சேர்த்துக் குடும்பத்தில் 14 பேர். மூன்று நேர மண்டலங்கள், அதிகபட்ச வித்தியாசம் பத்தரை மணி நேரம். ஒரே அறையில் கூட வழியில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் சேர்வதா, ஆளுக்கொரு வீடியோ எடுத்துக் கோத்துத் தருவதா என்று வீட்டில் இரண்டு கட்சி. இன்னொரு சிக்கலும் உண்டு: அக்கா இதே துறையில் ஆராய்ச்சியைத் தொடங்கிப் பாதியில் விட்டவர். விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஒலிவாங்கி:
நேரலைதான். ஆனா 14 பேரையும் உள்ளே விட்டுட்டு "ஆளாளுக்குப் பேசுங்க"ன்னா பத்தாவது நிமிஷம் சந்தைக்கடை. நிமிஷக் கணக்கு போட்டாதான் உருப்படும்.

ஜூம் இலவசக் கணக்குல கூட்டம் 40 நிமிஷத்துல அறுந்துடும். கூகுள் மீட்ல 60 நிமிஷம் கிடைக்கும். எதுல நடத்தினாலும் 40-க்குத் திட்டம் போடுங்க. முதல் 6 நிமிஷம் "கேக்குதா, கேக்குதா"வுக்கே போயிடும். அடுத்த 12 நிமிஷம் தங்கை பேச. தங்கையும் நடத்துறவரும் போக 12 பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிஷம், ஆக 18. மிச்சம் 4 நிமிஷம் இழுத்துப் பேசுறவங்களுக்கு. அது யாருன்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே தெரியும், அவங்களைக் கடைசிக்கு முந்தின ஆளா வைங்க. கடைசி ஆளா வெச்சா கூட்டம் அவங்க பேச்சு நடுவுலயே அறுந்துபோகும்.

அதிகமா கெட்டுப்போறது சத்தம். ஒரே அறையில ரெண்டு போன் சேர்ந்தா எதிரொலி வரும். ஒவ்வொரு போனும் தன்னோட ஸ்பீக்கர்ல போற சத்தத்தை மட்டும்தான் கணக்குல வெச்சுக் கழிக்கும். பக்கத்து போன் ஸ்பீக்கர்ல வர்றது அதுக்கு யாரோ பேசுற மாதிரிதான், பிடிச்சுத் திருப்பி அனுப்பிடும். அதனால ஒரு அறைக்கு ஒரு கருவி. ரெண்டாவது வேணும்னா அதுல மைக்கை அணைக்கிறது பத்தாது, ஸ்பீக்கரையும் அணைக்கணும்.

அப்புறம் கைதட்டல். இந்தச் செயலிகள் பேச்சு இல்லாத சத்தத்தை இரைச்சல்னு வடிகட்டும். 12 பேர் தட்டினா தங்கைக்குக் கேக்குறது அரைகுறைப் பொரிச் சத்தம், இல்லன்னா மௌனம். ஜூம்ல அசல் ஒலியை அப்படியே விடுற அமைப்பு ஒண்ணு இருக்கு, நடத்துறவர் மட்டும் அதைப் போட்டுக்கிட்டு அவர் ஒருத்தர் தட்டட்டும். மத்தவங்க கையை உயர்த்தி ஆட்டினா போதும்.

சேர்ந்து பாடலாம்னு யாராவது கிளம்பினா தடுத்துடுங்க. சாதாரணப் பேச்சுக்கு ஒருபக்கத் தாமதம் 150 மில்லி விநாடி வரைக்கும் தாங்கும்னு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட பரிந்துரை. பாட்டுக்குத் தாளம் சேர அதுல ஐந்தில் ஒரு பங்கு தாமதமே அதிகம். ஆளாளுக்கு ஒரு அடி பின்னாடி போவாங்க.

வெட்டுமேசை:
ஒலிவாங்கி எழுதியதைப் படித்தாலே தெரியவில்லையா, நேரலையில் எத்தனை இடத்தில் ஓட்டை என்று? ஒன்றரை நிமிடம் கொடுத்தால் கூச்சக்காரர் பத்து விநாடியில் முடித்துவிடுவார். காது மந்தமான பெரியவர் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பத்தரை மணி வித்தியாசத்தில் யாராவது ஒருவர் தூக்கக் கலக்கத்தில்தான் வருவார். பதிவு வீடியோவில் இது எதுவும் கிடையாது. தங்கை பத்து வருடம் கழித்தும் போட்டுப் பார்க்கலாம்.

செய்முறை சொல்கிறேன். 13 பேர், ஆளுக்கு 30 விநாடி, மொத்தம் ஆறரை நிமிடம். அதற்கு மேல் போனால் பார்ப்பவர் ஓட்டிவிட்டுப் பார்ப்பார். 30 கேட்டால் பலர் 50 அனுப்புவார்கள், வெட்டிக்கொள்ளலாம். ஒரு நிமிடம் கேட்டால் இரண்டு வரும், வெட்டினால் மனத்தாங்கலும் கூட வரும்.

போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில் சாய்த்து வைக்க வேண்டும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஒரு கை தூரம்தான், அதற்கு மேல் தள்ளினால் அறையின் எதிரொலி குரலை விழுங்கும். பேசுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள், வெட்டி ஒட்ட அந்த இடைவெளி வேண்டும்.

அனுப்பும்போதுதான் பாதிப் பேர் கெடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கி, மங்கலாக்கி அனுப்பும். இணைப்புக் குறியைத் தொட்டு ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: "வாழ்த்து சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். 13 பேரும் "வாழ்த்துகள், மேன்மேலும் வளர" என்பார்கள், ஆறரை நிமிடமும் ஒரே வாக்கியம். ஆளுக்கொரு தனிக் கேள்வி கொடுங்கள். ஒருவருக்கு "இந்தப் படிப்பில் அவள் மிகவும் திணறியது எப்போது என்று நினைக்கிறீர்கள்?", இன்னொருவருக்கு "அவளிடம் நீங்கள் கற்றுக்கொண்டது எது?", குழந்தைக்கு "சித்தி என்ன ஆராய்ச்சி செய்கிறாள், சொல்லு பார்ப்போம்?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மொத்தத் தொகுப்பிலும் எல்லோரும் திரும்பப் போட்டுப் பார்ப்பது.

கோக்கும்போது: போன் வீடியோவில் ஒரு விநாடிக்கான படச் சட்டங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும். சில எடிட்டிங் மென்பொருள்களில் அதனால் வாயசைவு ஒருபக்கம், குரல் ஒருபக்கம் நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு விநாடிக்கு 30 என்று நிலையாக மாற்றிய பிறகு வெட்டுங்கள். குரல் அளவையும் சமப்படுத்துங்கள். ஒருவர் கத்த, அடுத்தவர் முணுமுணுக்க, பார்ப்பவர் ஒலிப் பொத்தானிலேயே கையை வைத்திருக்க வேண்டிவரும்.

ஒலிவாங்கி:
எல்லாம் சரி வெட்டுமேசை. ஆனா உங்க வீடியோல தங்கை எங்கே? பட்டம் வாங்கினவ சோபாவில உக்காந்து ஆறரை நிமிஷம் வேடிக்கை பாக்குறா. அவ ஒரு வார்த்தை பேசல.

உளவியலாளர் ஷெல்லி கேபிளும் கூட இருந்தவங்களும் 2004-ல வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுது. ஒருத்தர் நல்ல சேதி சொல்லும்போது எதிராளி நாலு விதமா நடந்துக்கலாம்னு பிரிச்சாங்க. ஆர்வமா கேள்வி மேல கேள்வி கேக்குறது, "ம், நல்லது"ன்னு அடக்கமா முடிக்கிறது, "இனிமேதானே வேலை தேடணும்"னு ஓட்டை காட்டுறது, காதுலயே வாங்காம வேற பேச்சுக்குத் தாவுறது. உறவு நல்லா இருக்கிறதோட சேர்ந்து போனது முதல் விதம் மட்டும்தான். அடக்கமான "நல்லது" கூட உதவல. உங்க 13 வீடியோவும் ரெண்டாவது விதத்தோட அழகான பதிப்பு. திருப்பிக் கேக்க ஆள் இல்லையே.

தராசுமுள்:
இருவரும் வடிவத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள். ஒலிவாங்கி காட்டும் ஆய்வு காதலர்களையும் தம்பதிகளையும் வைத்து, இரண்டு பேருக்கு நடுவே நடக்கும் பேச்சைப் பற்றிச் செய்தது. 14 முகம் கட்டம் கட்டமாகத் தெரியும் திரைக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது. அதன் சாரத்தை எடுத்துக்கொண்டால் விடை இரண்டு கட்சிக்கும் வெளியே இருக்கிறது: தேர்வு முடிந்த வாரத்தில் நான்கைந்து பேர் தனித்தனியாக, வெவ்வேறு நாளில், பதினைந்து நிமிடம் கூப்பிட்டுக் கேட்பது. "எந்தக் கேள்வியில் மாட்டினாய்? புறத்தேர்வாளர் எதை நோண்டினார்?" இதற்கு நிமிடக் கணக்கும் வேண்டாம், எடிட்டிங்கும் வேண்டாம்.

இன்னொன்று, தேர்வுக்கு முன் என்ன செய்வது என்று யாருமே கேட்கவில்லை. உளவியலாளர் நியால் போல்ஜரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் மாநில வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாரானவர்களிடமும் அவர்களுடைய இணையரிடமும் தினக்குறிப்பு வாங்கினார்கள். இணையர் செய்து, தேர்வெழுதுபவர் கவனிக்காமல் போன உதவிதான் மனச்சோர்வைக் குறைப்பதோடு சேர்ந்து வந்தது. "உனக்கு உதவுகிறேன்" என்று தெரியும்படி செய்த உதவிக்கு அந்தப் பலன் இல்லை. தன்னால் தனியாக முடியவில்லையோ என்ற எண்ணத்தையும் அது கூடவே கொண்டுவருகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆகவே முந்தின நாள் 13 பேரும் "தைரியமாகப் போ" என்று குழுவில் எழுத வேண்டாம். அச்சுப்பிரதி எடுப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அவள் கூப்பிட வேண்டிய நாலு அழைப்பை வேறு ஒருவர் பேசி முடிப்பது, இவற்றைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருங்கள்.

அக்காவைப் பற்றி. நெருங்கியவர், அதுவும் நாம் முக்கியம் என்று நினைக்கும் அதே துறையில் நம்மைத் தாண்டிப் போகும்போதுதான் அதிகம் குத்தும் என்பது உளவியலாளர் ஆபிரகாம் டெஸ்ஸர் 1980-களில் முன்வைத்த கருத்து. வேறு துறையாக இருந்தால் அதே வெற்றி பெருமையாகிவிடும். உங்கள் அக்காவிடம் நெருக்கம், துறை இரண்டுமே பொருந்துகின்றன. கூட்டத்தை நடத்தும் பொறுப்பை "அவருக்குத்தான் துறை தெரியும்" என்று அவர் தலையில் கட்டாதீர்கள். முடிவைக் குழுவில் போடுவதற்கு முன்னால் தங்கையே அவரிடம் தனியாகச் சொல்லட்டும். முதல் முகபாவத்தை 13 பேர் பார்க்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உதவி. அழைப்பில் கேமராவை அணைத்து வைத்தால் ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

வெட்டுமேசை:
தனித்தனி அழைப்பு கேட்க நன்றாக இருக்கிறது. 13 பேரில் எத்தனை பேர் கூப்பிடுவார்கள்? "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மூன்று வாரம் போகும். கெடு தேதி வைத்து வாங்கும் வீடியோ வந்தே தீரும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு கெடு, ஒரு வாரம் முன்பு நினைவூட்டல், வராதவருக்கு அழைப்பிலேயே பேசவைத்துப் பதிவு.

பாராட்டின் உள்ளடக்கத்தையும் வீடியோவில்தான் சரிசெய்ய முடியும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த சோதனைகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிய வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள், கடினமானது வந்தபோது சீக்கிரம் கைவிட்டார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் அப்படி இல்லை. நேரலையில் பெரியப்பா "நீ பொறந்ததுல இருந்தே புத்திசாலி" என்று ஆரம்பித்தால் நிறுத்த முடியுமா?

தராசுமுள்:
அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு எல்லா முறையும் அதே முடிவு வரவில்லை. தவிர, அது பத்து வயதுக் குழந்தைகள். இங்கே முனைவர் பட்டம் வாங்குபவர். பெரியப்பாவைத் தாராளமாகப் பேச விடுங்கள். குறிப்பான பாராட்டு நல்லது என்பதற்கு எளிய காரணமே போதும்: அது கவனித்தவரால் மட்டும் சொல்ல முடிவது.

இரவாடி:
தேதியைப் பற்றி யாரும் பேசாததால் குறுக்கிடுகிறேன். தேர்வு நாளிலேயே கூட்டம் வைக்காதீங்க. வாய்மொழித் தேர்வு நேரம் நீளும், முடிவு பெரும்பாலும் திருத்தங்களோடதான் வரும். சில சமயம் பெரிய திருத்தம். 14 பேர் திரையில காத்திருக்க, அவ அதை அங்கேயே விளக்கணுமா? நாலு நாள் தள்ளி வைங்க, தேதியை அவளே முடிவு சொன்ன பிறகு உறுதி செய்யட்டும். அதே காரணத்துக்காகத்தான் திடீர் ஆச்சரியமும் வேண்டாம்.

நேரம்: முதல் இடத்தில இரவு 7.30, ஐந்தரை மணி பின்னால இருக்கிறவங்களுக்கு மதியம் 2, பத்தரை மணி பின்னால இருக்கிறவங்களுக்குக் காலை 9. யாரும் தூக்கம் கெட வேண்டாம், வெட்டுமேசை பயமுறுத்துற அளவுக்கு இல்லை. ஆனா மார்ச்ல கூட்டம்னா கவனம். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், ஐரோப்பாவில மார்ச் கடைசி ஞாயிறு. நடுவுல ரெண்டு மூணு வாரம் இந்த ரெண்டு இடத்துக்கும் இடையில வழக்கமா இருக்கிற வித்தியாசம் பொருந்தாது. குழுவில மணியை எழுதிப் போடாம நாள்காட்டி அழைப்பா அனுப்பினா அவங்கவங்க போனே மாத்திக் காட்டும்.

அவ வெளியில சொல்றதுக்கு முன்னாடி யாரும் முகநூல்ல போடக் கூடாது. சான்றிதழ் படம் போட்டா பதிவு எண்ணையும் கியூஆர் குறியையும் மறைக்கணும்.

நூல்கண்டு:
நன்றி. நேரலை, அதற்குள்ளேயே தொகுப்பையும் ஓட்டிக் காட்டுவது என்று யோசிக்கிறேன். முடியுமா?

ஒலிவாங்கி:
முடியும், வேண்டாம். 40-ல ஆறரை போயிடும், அதை எங்கிருந்து எடுப்பீங்க? தங்கையோட 12-லேர்ந்துதான் எடுப்பீங்க. முந்தின நாளே அவளுக்கு அனுப்பிடுங்க, தனியா பாத்து அழுதுட்டு வரட்டும்.

வெட்டுமேசை:
இதில் ஒலிவாங்கியோடு ஒத்துப்போகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிரும் பெட்டியில் டிக் போட மறந்தால் ஊமைப் படம். டிக் போட்டாலும் வீடியோவுக்கு ஏற்றபடி பகிரும் அமைப்பைத் தனியாகப் போடாவிட்டால் படம் விட்டுவிட்டு நகரும். இணைப்பு மெதுவானவருக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

பதிலுக்கு ஒன்று செய்யுங்கள். தங்கை சம்மதித்தால் அவள் பேசும் 12 நிமிடத்தை மட்டும் பதிவு செய்து என் தொகுப்பின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜூம் இலவசக் கணக்கில் கணினியிலிருந்துதான் பதிவு செய்ய முடியும், போனிலிருந்து முடியாது. ஆகவே நடத்துபவர் மடிக்கணினியில் உட்கார வேண்டும், அதன் வன்வட்டில் 2 ஜிபி காலி இருக்க வேண்டும், கூட்டம் முடிந்து கோப்பு மாற்றப்படும் வரை மூடியைச் சாத்தக் கூடாது.

தராசுமுள்:
பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் அவள் புறத்தேர்வாளரைப் பற்றி உண்மையைச் சொல்ல மாட்டாள். அந்தப் பகுதிக்குத் தனி அழைப்புதான்.