முதல் தடவைக்கே அபராதமா? பாக்கெட் மாவு விற்கிறவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர் மாவுக்கடை:
வீட்டு முன்பக்கத்தில் இட்லி மாவு கடை, இரண்டு கிரைண்டர், நானும் மனைவியும்தான். தூக்கு கொண்டு வந்தால் எடை போட்டு ஊற்றுவோம். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் கேட்கிறாரே என்று 2023இல் ஒரு கிலோ பாக்கெட் ஆரம்பித்தோம். கவரில் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், விலை எல்லாம் அச்சடித்தேன், எடையும் பாக்கெட் போட்ட தேதியும் போடணும் என்று சத்தியமாகத் தெரியாது. எடையளவு ஆய்வுக்கு வந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்தார், நேராக அபராதம். உள்ளே மாவு சரியாக ஒரு கிலோ இருந்தது, தராசில் அந்த வருஷ முத்திரையும் இருந்தது. விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் தடவை சொல்லித் திருத்தக் கூடாதா?

வில்லிவாக்கம் அக்கா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. தேதி இல்லாத மாவை வாங்கி, மறுநாளே புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்து துடைத்தவள் நான். சின்னக் கடை என்று விட்டுவிட்டால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வது சரி, ஆனால் அவர் கேட்பது வேறு. 2009 எடையளவுச் சட்டத்தின் 36ஆவது பிரிவில், பாக்கெட்டில் விவரம் குறைந்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் என்று 2023இல் இருந்தது. நாடு முழுக்க விற்கிற கம்பெனிக்கும் அப்போது அதே உச்சவரம்புதான், அவர்களுக்கு அது டீச் செலவு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவைப் பாருங்கள், குறையைத் திருத்த நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் தரணும். ஒரே மாவு பாக்கெட், ஒரு துறை அவகாசம் தரச் சொல்கிறது, இன்னொன்று ரசீது புத்தகத்தை நீட்டியது!

அம்பத்தூர் ஊறுகாய்:
எனக்கும் நடந்தது சார். லைசென்ஸ் கொடுக்கும்போதே பாக்கெட்டில் என்னென்ன போடணும் என்று தமிழில் ஒரு தாள் கொடுத்தால் பாதிப் பேர் மாட்டவே மாட்டோம். இப்போதைக்குப் பாரிமுனையில் தேதி மாற்றுகிற ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் மாவுக்கடை:
ஸ்டாம்ப் அப்போதே வாங்கியாச்சு. மாவு ஊற்றிய கவர் வியர்க்கிறது, மை நிற்பதில்லை, அதனால் ராத்திரியே காலிக் கவரில் மறுநாள் தேதி அடித்து வைக்கிறோம். அக்கா, இப்போது தேதி இருக்கிறது, தைரியமாக வாங்கலாம். பழைய கவர் இரண்டு கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.