மூட்டு வலி மாத்திரையால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, என்ன செய்வது?

அம்மாவுக்கு வயது 64. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், வலது கால் ரொம்ப மோசம். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் விறைப்பு, படி இறங்கும்போது குத்தும் வலி, சாயங்காலம் லேசான வீக்கம்.

முதலில் பாராசிட்டமால், பலனில்லை. அப்புறம் டைக்ளோஃபெனாக் 50 மி.கி., தினம் இரண்டு. வலி அடங்கியது, ஆனால் கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போட்டும் மூன்றே வாரத்தில் நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. வயிற்றுக்கு அவ்வளவாகப் படுத்தாது என்று மருத்துவர் எடோரிகாக்ஸிப் 60 மி.கி.க்கு மாற்றினார், தினம் ஒன்று. வயிறு சரியானது. நடையும் தேறியது, கோயில் பிரகாரத்தை மூன்று முறை சுற்றுகிறார்!

சிக்கல் இப்போதுதான். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் 40 மி.கி. எடுப்பவர். 130/80இல் நின்ற அழுத்தம் ஆறு வாரத்தில் 156/94. கணுக்காலிலும் வீக்கம். இந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், அழுத்த மாத்திரையின் வேகத்தையும் குறைக்கும் என்று மருத்துவரே சொல்லி நிறுத்திவிட்டார். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.0, அதில் பயமில்லை. நிறுத்திப் பத்து நாளில் அழுத்தம் இறங்கியது, வலி முழுசாகத் திரும்பியது. தொடைத் தசைப் பயிற்சி நடக்கிறது, ஆனால் வலியில் பாதியிலேயே விட்டுவிடுகிறார்.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். மாத்திரையை விட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லை மட்டும் முழங்காலில் தடவி, அழுத்தம் ஏறாமல் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?