ஞாயிறு பகடை: குடும்பக் குழு

தீபக்: மாமா, விழுந்து கிடக்கிறவனைப் போய் வெட்டுவீங்களா? மனசாட்சியே இல்லையா

தீபக்: நாலு நாள் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறலை

பாபு மாமா: நானா வெட்டினேன்? கோப்லின் குட்டிப் பூதம் வெட்டுச்சு மாப்ளே

பாபு மாமா: மயங்கிக் கிடக்கிறவனை அஞ்சு அடிக்குள்ள நின்னு அடிச்சு, அடி பட்டுச்சுன்னா அது கிரிட்டிக்கல், பலத்த அடி. டெத் சேவ்ல ஒரே அடியில ரெண்டு தோல்வி. விதியில அப்படித்தான் இருக்கு

பெரியப்பா: யாருக்கு டெத்? என்னம்மா ஆச்சு??

கவிதா அக்கா: விளையாட்டுல பெரியப்பா. ஞாயித்துக்கிழமை பகடை உருட்டி ஆடுறோமே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாபு மாமா கதை நடத்துறார், எதிரிங்க எல்லாம் அவர்தான். நாங்க ஆளுக்கு ஒரு வேஷம். டெத் சேவ்னா மயங்கினவன் சாகாம இருக்க உருட்டுறது, மூணு தோல்வின்னா ஆளு காலி. தீபக்கோட திருடன் குத்துயிரும் கொலையுயிருமா கிடக்கான். நீங்க தூங்குங்க

தீபக்: அக்கா நீங்களே சொல்லுங்க. சுறுசுறுப்புக்கு, அதான் டெக்ஸ்டரிட்டிக்கு +3. பயிற்சிக்கு +2, எக்ஸ்பர்டீஸ் எடுத்ததால டபுளாகி +4. ஒளியுற திறமை ஸ்டெல்த்துக்கு மொத்தம் +7. ரெண்டாம் லெவல்ல இதுக்கு மேல யாரு ஒளிய முடியும்? இருபது முகப் பகடையில 1 விழுந்துச்சு, என் தலையெழுத்து

கவிதா அக்கா: 1 விழுந்தா ஸ்கில் செக் தானா தோத்துடும்னு எங்கயும் இல்லடா. 1+7 எட்டு. கோப்லின் சும்மாவே கவனிக்கிற அளவு, அதான் பாஸிவ் பெர்செப்ஷன் 9. ஒரே ஒரு எண்ணுல மாட்டின

தீபக்: 2024 விதிப் புத்தகத்துல ஒளியுற விதியே வேறயாமே. அதுக்கு மாறிடலாமா மாமா

பாபு மாமா: தாராளமா. அதுல ஒளியவே 15 வேணும். உன் எட்டுக்கு ஏழு எண்ணுல மாட்டியிருப்ப

லதா சித்தி: 😂

லதா சித்தி: அது இருக்கட்டும். கதவை ஏன் சாத்திட்டுப் போன? அதைச் சொல்லு முதல்ல

தீபக்: உங்க தீப்பந்த வெளிச்சம் உள்ள வரக்கூடாதுன்னுதான் சித்தி

லதா சித்தி: கோப்லினுக்கு இருட்டுல நல்லாவே கண்ணு தெரியும். தெரியாதது மனுஷன் உனக்குத்தான்

லதா சித்தி: என் குணமாக்குற மந்திரம் ஹீலிங் வேர்ட் அறுபது அடி வரைக்கும் போகும். ஆனா ஆளு கண்ணுல படணுமே. மூடின கதவைப் பார்த்து மந்திரம் சொன்னா கதவா எழுந்து வரும்?

தீபக்: சொல்லிட்டுப் போனா கூடவே வருவீங்க. கவிதாக்கா சலங்கை கட்டின மாதிரி வருவாங்க

கவிதா அக்கா: என் சங்கிலிக் கவசம் செயின் மெயிலுக்கு ஸ்டெல்த்ல டிஸ்அட்வான்டேஜ், ரெண்டு தடவை உருட்டி சின்னதைத்தான் எடுக்கணும், ஒத்துக்கிறேன். கூட வர வேண்டாம்னா வேண்டாம். நாப்பது அடி தள்ளி நின்னிருப்போம், கதவு திறந்து இருந்திருக்கும். ஒரு கத்து கத்தினா போதும்

கவிதா அக்கா: கடைசியில நீ யார் கிட்ட ஒழுங்கா ஒளிஞ்ச? எங்க கிட்ட

தீபக்: ரோக்னா, திருடன்னா, தனியா போறவன்தானே அக்கா. அதுக்குத்தானே அந்த வகுப்பே இருக்கு

பாபு மாமா: 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தப்ப திருடனே கிடையாது. சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக்னு ஒரு பூசாரி, மூணே வகுப்பு. அடுத்த வருஷம் ஒரு இணைப்புப் புத்தகத்துலதான் திருடன் வந்தான். உயிர் எவ்வளவுன்னு உருட்டுற ஹிட் டைஸ் வெறும் டி4, நாலு முகப் பகடை. மந்திரவாதிக்கும் அதேதான். உனக்கு இப்ப டி8. ஒரு அடிக்குத் தாங்காதவன் தனியா எங்க போவான்?

கவிதா அக்கா: மாமா ஆரம்பிச்சுட்டார்

கவிதா அக்கா: தீபக், ரோக்கோட கூடுதல் அடிக்கு ஸ்னீக் அட்டாக்னு, பதுங்கித் தாக்குறதுன்னு பேரு வச்சதுதான் எல்லாரையும் ஏமாத்துது. நானும் முதல்ல ரோக் ஆடினப்ப ஒவ்வொரு டர்னும் தூண் தூணா ஒளிஞ்சுக்கிட்டே இருந்தேன். சண்டையே முடிஞ்சுடும், நான் ஒரு குத்து குத்தியிருக்க மாட்டேன். விதியைப் படி. நீ குத்தப் போறவன் பக்கத்துல, அஞ்சு அடிக்குள்ள, நம்ம ஆளு ஒருத்தர் நின்னா போதும். ஒளியவே வேண்டாம். உனக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாம இருந்தா சரி

தீபக்: நிஜமாவா??

கவிதா அக்கா: இன்னொண்ணு. எல்லாரும் ஒரு தடவை ஆடி முடிச்சா ஒரு ரவுண்டு. ஸ்னீக் அட்டாக் ரவுண்டுக்கு ஒண்ணு இல்ல, ஒவ்வொருத்தர் டர்னுக்கும் ஒண்ணு. உன் டர்ன்ல ஒண்ணு குத்திட்ட. அப்புறம் எதிரி அவன் டர்ன்ல உன்னைத் தாண்டி ஓடுறான்னு வை. அப்ப பதிலுக்கு ரியாக்‌ஷன்ல குத்துற பாரு, அதுக்கும் ஸ்னீக் அட்டாக் சேரும், அவன் பக்கத்துல நான் நின்னா

பாபு மாமா: ஏன் கவிதா இதெல்லாம் சொல்லிக் குடுக்கிற 😤

தீபக்: அக்கா இத்தனை நாளா ஏன் சொல்லலை

கவிதா அக்கா: நீ எங்க பக்கத்துல நின்ன, சொல்றதுக்கு?

லதா சித்தி: சரி, ஞாயித்துக்கிழமை கதைக்கு வாங்க. ஆடுற வரிசை என்னண்ணா?

பாபு மாமா: தீபக், கவிதா, கோப்லின் ரெண்டு, அப்புறம் நீ

லதா சித்தி: கோப்லினுக்கு அப்புறம்தான் நானா. வம்புதான்

கவிதா அக்கா: தீபக் முதல்ல டெத் சேவ் உருட்டட்டும். 10 இல்ல மேல வந்தா இந்த ரவுண்டு பிழைச்சான். 9 இல்ல கீழ வந்தா மூணாவது தோல்வி, கதை முடிஞ்சது. பிழைச்சா நான் கதவைத் திறந்துக்கிட்டு டேஷ் போட்டு, அடிக்கிறதை விட்டு ரெட்டை ஓட்டமா அறுபது அடி ஓடி அவன் பக்கத்துல போய் நிக்கிறேன். கோப்லின் ரெண்டும் என்னை அடிக்கட்டும், கவசம் எதுக்கு இருக்கு. அப்புறம் சித்தி உள்ள எட்டிப் பார்த்து ஹீலிங் வேர்ட்

லதா சித்தி: டி4 கூட 3. நாலு தொடங்கி ஏழு வரைக்கும் உயிர் தரலாம்

கவிதா அக்கா: போதும். அடுத்த ரவுண்டுல எழுந்து நில்லு, பாதி நடை அதுக்குப் போகும். நான் மோதிக்கிட்டு இருக்கிற கோப்லினைக் குத்து. உன் ரேப்பியர் வாளுக்கு டி8, கூட 3, ஸ்னீக் அட்டாக்குக்கு டி6. அதுக்கு இருக்கிறதே ஏழு உயிர். பட்டுச்சுன்னா பெரும்பாலும் காலி. மிச்சம் இருக்கிற போனஸ் ஆக்‌ஷன்ல டிஸ்எங்கேஜ் பண்ணி, விலகுறப்ப பதில் அடி படாம, சித்தி பக்கம் ஓடி வந்துடு. ரோக்குக்குக் கன்னிங் ஆக்‌ஷன் இருக்கிறதே அதுக்குத்தான்

பாபு மாமா: எல்லாத்தையும் என் கண்ணு முன்னாடியே பேசுறீங்க பாரு

தீபக்: சித்தி

தீபக்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லதா சித்தி: படிச்சுட்டேன்

கவிதா அக்கா: என்னது? என்ன எழுதினான்?

லதா சித்தி: ஒண்ணுமில்ல, என் பையில இருந்த சிவப்புக் கல்லை இவன் எடுத்தானாம். காப்பாத்தினா திருப்பித் தருவானாம்

கவிதா அக்கா: டேய்!!

தீபக்: மாமா, நீங்க சொல்லிட்டீங்களா? ரகசியமா வச்சுக்குவேன்னு சொன்னீங்க

பாபு மாமா: நீ எடுத்துட்டன்னு மட்டும்தான் உன் கிட்ட சொன்னேன். யாரும் பார்க்கலைன்னு சொன்னேனா?

லதா சித்தி: நீ உருட்டினது மொத்தம் 14. என் பாஸிவ் பெர்செப்ஷன் 15. மூணு வாரமா தெரியும் தம்பி

தீபக்: தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க

லதா சித்தி: கல்லை எடுத்தவன் பையைத் திறந்து பார்த்தானான்னு காத்துக்கிட்டு இருக்கேன். அது கூட ஒரு சீட்டு சுத்தி வச்சிருந்தேனே

தீபக்: என்ன சீட்டு

லதா சித்தி: முதல்ல பத்து உருட்டு