சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது: இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இடதுஇடுப்பு

ஆறாவது வாரம். இடது பக்கம், இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து செய்தது, எலும்பில் சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் வகை. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஸ்டிக் இல்லாமல் நடந்தேன். வீட்டுக்குள் மட்டுமில்லை, தெருமுனை வரை போய்த் திரும்பினேன். சாயங்காலம் இன்னொரு தடவை. வலியே இல்லை. வாக்கரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன், அவ்வளவு தெம்பு.

ஞாயிறு காலை எழப் பார்த்தால் இடது கால் வரவில்லை. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. எழும்பு என்கிறேன், அது போர்வைக்கு அடியில் யாருடைய காலோ போலக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அப்புறம் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, விறகுக்கட்டையை நகர்த்துவது போல நகர்த்திக் கட்டிலுக்கு வெளியே விட்டேன். விடும்போது தொடையிடுக்கில் சுரீர் என்றது.

இரண்டாம் வாரத்திலேயே தானாக நகர்ந்த கால் இது. இன்று புதன், இன்னும் கையால்தான் தூக்குகிறேன். ஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவிட்டேன். அதை எடுத்ததுதான் காலைவிட அதிகமாக வலிக்கிறது. யாருக்காவது இப்படிப் பின்னால் போயிருக்கிறதா?

நழுவியபந்து

பின்னால் போவது பற்றி என்னிடம் கேளுங்கள். 19-ஆம் நாள். குனியாதே, காலைக் குறுக்கே போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே என்று மூன்று கட்டளை, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். மூன்றும் மனப்பாடம். தாழ்வான சோபாவில் உட்காரக் கூடாது என்பதும் தெரியும். ஐந்தே நிமிடம் என்று உட்கார்ந்தேன். போன் அடித்தது, மடியிலிருந்து வழுக்கிக் காலடியில் விழுந்தது. கை தானாகப் போனது.

சத்தம் கேட்டது. உடம்புக்குள்ளிருந்து வருகிற சத்தத்தைக் காது கேட்பதில்லை, எலும்பு கேட்கிறது. கீழே பார்த்தால் என் பாதம் உள்பக்கமாகத் திரும்பி நிற்கிறது, முழங்கால் இன்னொரு காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கால் குட்டையாகத் தெரிகிறது. நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது போன் மட்டும்தான். தரையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. பிற்பாடு பார்த்தேன், பிசியோதெரபிஸ்ட் அழைத்திருக்கிறார். மறுநாள் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்க.

மயக்க மருந்து கொடுத்துக் காலை இழுத்து, நழுவிய மூட்டுப் பந்தை இடுப்பிலுள்ள கிண்ணத்துக்குள் போட்டார்கள். திரும்ப வெட்டவில்லை. ஆறு வாரம் இடுப்பில் பட்டை. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது, நன்றாகவே நடக்கிறேன். ஆனால் அந்த ரிங்டோனை மாற்றிவிட்டேன்.

ஓய்வுபெற்றவாத்தியார்

எனக்கு வலது பக்கம், நான்கு வருடம் முன்பு. மூன்றாம் வாரம் மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று மறந்து நடுப்படியில் கால் மணி நேரம் நின்றேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஸ்டிக்கை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். இடது இடுப்பு என்றால் ஸ்டிக் வலது கையில். அப்போதுதான் இடுப்பின் பக்கவாட்டுத் தசை மேல் விழும் பாரம் குறையும். இடது காலும் வலது கை ஸ்டிக்கும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அதே பக்கம் பிடித்தால் உடம்பு சாய்ந்து நடக்கப் பழகிவிடும், பிற்பாடு திருத்துவது கடினம்.

நடப்பதை எண்ணுங்கள். ஒரு நாள் நூறு அடி என்றால் மறுநாள் நூற்றுப்பத்து, இருநூறு அல்ல. தம்பி இடதுஇடுப்பு செய்தது அதுதான். நடந்து முடித்தபின் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம். படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. வலி மாத்திரைகளைச் சீக்கிரம் நிறுத்துவது நல்லது, நான் 9-ஆம் நாளே நிறுத்திவிட்டேன், மன உறுதி இருந்தால் முடியும். வீக்கம் எல்லாருக்கும் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மூட்டை இன்று நாம் அறிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கில மருத்துவர். கிண்ணத்துக்கு அவர் முதலில் பயன்படுத்தியது டெஃப்லான். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்த பிறகு அது தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியுள்ள சதையைக் கெடுத்தது. அந்தத் தூள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதை ஏற்றிக்கொண்டார் மனிதர். 1962-இல்தான் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அவருக்கே அவ்வளவு சறுக்கல். நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சறுக்கினால் என்ன?

மூன்றுமணி

வாத்தியார் ஐயா, மாடிப்படியும் ஸ்டிக்கும் சரி. மாத்திரை விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நானும் மன உறுதிக்காரிதான். அடிமையாகிவிடுவோம் என்ற பயம் ஒன்று, மலச்சிக்கல் ஒன்று (இதை யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள், ஆபரேஷனைவிட அதுதான் என்னை அழவைத்தது). வலி மாத்திரையை நானாக நிறுத்தினேன். இரவு மூன்று மணிக்கு முழிப்பு, விடியும்வரை கூரையைப் பார்ப்பது, காலையில் பிசியோ வரும்போது பிணம் மாதிரி இருப்பது.

ஒரு நாள் அந்தப் பெண் காலைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்த்தினேன், நெற்றியெல்லாம் வியர்வை. அவள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அம்மா, கடைசியாக எப்போது மாத்திரை போட்டீர்கள்?" என்று கேட்டாள். எட்டு நாள் ஆயிற்று என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியானால் இந்த எட்டு நாளும் நீங்கள் தசையை இறுக்கத்தான் பழகியிருக்கிறீர்கள்" என்றாள். திட்டவில்லை. சும்மா சொன்னாள். அந்த மூடிய பேனா இன்னும் கண்ணில் நிற்கிறது.

மருத்துவரிடம் பேசி மாற்றி எழுதி வாங்கினோம். பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒன்று, படுக்கும்முன் ஒன்று, மலச்சிக்கலுக்குத் தனியாக. மூன்றாம் நாள் இரவு ஆறு மணி நேரம் தூங்கினேன். அப்புறம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதும் அவர் சொன்னபடிதான்.

நீலக்குடை

"வீக்கம் எல்லாருக்கும் வரும், பயப்பட வேண்டாம்." இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். என்னிடமும் நாலு பேர் இதையே சொன்னார்கள். இரண்டு நாள் நம்பினேன்.

வீக்கம் வரும், உண்மை. சாயங்காலம் பெரிதாகும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடியும். எனக்கு வடியவில்லை. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி முடிந்து நாலு நாள். கெண்டைக்கால் இறுகிக் கல்லாக இருந்தது, தொட்டால் சூடு.

ஸ்கேன் எடுத்த பையன் பேசிக்கொண்டே இருந்தான். எந்தப் பக்கம் ஆபரேஷன், வீட்டில் படி இருக்கிறதா, பேரப்பிள்ளைகள் எத்தனை. தொடையிலிருந்து அந்தக் கருவியை அழுத்திக்கொண்டே கீழே வந்தான். முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினான். திரையை என் பக்கமிருந்து லேசாகத் திருப்பிக்கொண்டான். மருத்துவர் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரத்தக்கட்டி. மூன்று மாதம் மாத்திரை, கரைந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே போங்கள். வாத்தியார் ஐயா, உங்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவாத்தியார்

மாற்றிக்கொள்கிறேன் அம்மா. நான் சொன்னது சாயங்காலம் வந்து காலையில் வடியும் சாதாரண வீக்கத்தை. (சரி, அப்படி எழுதவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.) மாத்திரை விஷயத்தில் மட்டும் என் கருத்து என் கருத்துதான்.

மகள்மட்டும்

நோயாளி நான் இல்லை, என் அப்பாதான். எழுதலாமா தெரியவில்லை.

நான்காம் வாரம் காயத்தில் ஒரு முனையிலிருந்து நீர் கசிந்தது. திரும்பவும் மருத்துவமனை, திரும்பவும் உள்ளே திறந்து கழுவினார்கள், வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு தமாஷ் பண்ணிக்கொண்டிருந்த மனிதர் இரண்டாவதுக்குப் பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் காலையில் அறைக்குள் போனேன். காலுறை மாட்டுகிற பிளாஸ்டிக் சட்டம் உண்டு இல்லையா, கயிறு கட்டியது, அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் நுழையவில்லை. நான் ஓடிப்போய் மண்டியிட்டுக் காலுறையை எடுத்தேன். "வெளியே போ" என்றார். என் வாழ்க்கையில் அவர் அப்படிப் பேசியதில்லை. போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். கயிறு தரையில் இழுபடும் சத்தம், நிற்கும், திரும்ப இழுபடும். இருபது நிமிடம். பிறகு வாக்கர் சத்தம். ஒற்றைக் காலுறை, அதுவும் குதிகால் மேலே திரும்பியபடி.

இப்போது குணமாகிவிட்டார். அன்று காலை நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. உதவி செய்ய ஓடியது தப்பா, இல்லை வெளியே நின்றது தப்பா, இன்னும் யோசிக்கிறேன்.

டக்டொக்

மகள்மட்டும், இரண்டுமே தப்பில்லை அம்மா. நானும் என் மகனை அப்படித் துரத்தியிருக்கிறேன்.

என் பிரச்சினை சின்னது, இங்கே எழுத வெட்கமாகக்கூட இருக்கிறது. ஆபரேஷன் ஆன கால் நீளமாகிவிட்டது போல ஒரு உணர்வு. இரவு நடைகூடத்தில் நடந்தால் என் காலடிச் சத்தமே வேறு. டக், டொக். டக், டொக். வேறு யாரோ என் பின்னால் வருவது மாதிரி. நானாகவே ஒரு செருப்புக்குள் அட்டை வைத்து உயர்த்திக்கொண்டேன். எக்ஸ்ரே பார்த்தவர் சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் என்றார், நம்பவில்லை. பிசியோ அட்டையைப் பிடுங்கிப் போட்டார். இத்தனை வருடம் கோணலாக நடந்து இடுப்பெலும்பு சாய்ந்து, தசை ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது, அது நீளும்வரை பொறு, இப்போதே அட்டை வைத்தால் சாய்வு அப்படியே நின்றுவிடும் என்றார். எல்லாருக்கும் அப்படி இல்லை, உண்மையிலேயே நீளம் மாறியவர்களுக்கு அட்டை வேண்டியிருக்கும்.

ஐந்தாவது மாதம், தண்ணீர் குடிக்க எழுந்து நடைகூடத்தைத் தாண்டினேன். படுக்கையில் திரும்ப உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, சத்தம் கேட்கவில்லை. மறுபடி எழுந்துபோய் நடந்து பார்த்தேன்.

இடதுஇடுப்பு

எல்லாருக்கும் நன்றி. வியாழன் மருத்துவரிடம் போய்க் காட்டினேன். நழுவியபந்துவின் பதிவைப் படித்த பயத்தில் எக்ஸ்ரே கேட்டேன், எடுத்தார்கள், பந்து கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது. நீலக்குடை அம்மாவின் பதிவைப் படித்துக் கெண்டைக்காலையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அழுத்திப் பார்த்தார்.

தொடையை மேலே தூக்குகிற தசை, தொடையிடுக்கில் போகிறதே, அது எரிச்சலடைந்திருக்கிறதாம். ஒரே நாளில் இரண்டு நடை, அதுவும் ஸ்டிக் இல்லாமல். இரண்டு வாரம் ஸ்டிக், காலை நேராகத் தூக்கும் பயிற்சி வேண்டாம், குதிகாலைப் படுக்கையிலேயே வழுக்கி இழுத்தால் போதும் என்றார். எந்தக் கையில் ஸ்டிக் பிடிக்கிறேன் என்று பார்த்தார். இடது கையில் பிடித்திருந்தேன். வாத்தியார் ஐயாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

இன்று சனி. காலையில் கை வைக்காமல் கால் கட்டில் விளிம்பு வரை தானாக நகர்ந்தது. விளிம்பில் நின்றுவிட்டது. மிச்சத்தை நான்தான் தூக்கினேன்.

ஓய்வுபெற்றவாத்தியார்

வலது கை! சரி. ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பரைத் திருப்பிப் பார்த்தீர்களா? தேய்ந்து வழவழவென்று இருந்தால் ஈரத்தரையில் வழுக்கும். என்னுடையது ஏழாவது மாதத்தில்
தேய்ந்தது. உயரத்தையும் சரிபாருங்கள், கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். அப்புறம் குளியலறையில்
 கைப்பிடி பொருத்துவது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மூன்றுமணி

ஐயா, மாத்திரை பற்றியும் தனியாக எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.