புதுப்பிப்பு: உடைந்த பருவும் மிச்சமிருக்கும் புள்ளியும்

கன்னத்தில் பரு உடைந்துவிட்டது, தழும்பு விழாமலிருக்க என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். புண் ஆறிவிட்டது, பள்ளம் இல்லை. பழுப்பாக ஒரு புள்ளி மட்டும் மிச்சம்.

சிலர் சொன்ன எலுமிச்சைச் சாறு, பற்பசை பக்கம் போகவில்லை. திறந்த புண்ணில் அதெல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். மிதமான ஃபேஸ்வாஷில் கழுவி, ஹைட்ரோகொலாய்டு பேட்ச் (புண்ணின் கசிவை உறிஞ்சி ஈரத்தைக் காக்கும் சின்ன ஒட்டுப்பட்டை) ஒட்டினேன். பேட்ச் இல்லாத நேரத்தில் மெல்லிசாக வாசலின். ஈரம் காயாமலிருந்தால் பொருக்கு தடிக்காது, பிய்க்கவும் கை போகாது (எனக்கு அதுதான் பெரிய உதவி!).

தோல் மூடியதும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். மாநிறத் தோலில் வீக்கம் வந்த இடத்தில் மெலனின் (தோலுக்கு நிறம் தரும் பொருள்) அதிகம் சுரக்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். நிறம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் புள்ளியைக் கறுக்க வைக்கும், அதிலுள்ள இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கும்.

புள்ளி மங்கச் சில மாதங்கள் ஆகலாமாம். அதை மங்கவைக்கத் தோல் மருத்துவர் அசெலாயிக் அமில க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.